ஒட்டிக்கொண்ட ரப்பர் வளையம்

அன்பு மகளுக்கு அம்மா எழுதுவது. இங்கே மூவரும் சுகம், உன் காலில் கட்டுக்குள் அரிப்பு குறைந்ததா என்பதே கவலை. நான் சொல்லச் சொல்ல உன் தங்கை எழுதுகிறாள், பாடப்புத்தகத் தமிழாக இருக்கும், சிரிக்காதே. போனில் சொன்னால் அப்பா காதில் விழும்.

கட்டுப் போட்ட காலோடு நீ பஸ் ஏற வேண்டாம் என்று அப்பா நம் பழைய காரில் வந்து உன்னை அழைத்து வரப்போகிறார் அல்லவா, அதற்காக ஆயிலையும் அதை வடிகட்டும் பில்டரையும் தானே மாற்றினார். வயதான வண்டிக்கு மட்டமான பில்டர் போட்டால் இஞ்சினே போய்விடும் என்று கடை கடையாக ஏறி இறங்கினார். மலிவானதைத் தட்டிப் பார்த்துவிட்டு, "என்னங்க இது, பவுடர் டப்பா மாதிரி இருக்கு" என்று திருப்பிக் கொடுத்தாராம். வண்டி நிற்கும்போது ஆயில் வடிந்துவிடாமல் பிடித்து வைக்கும் ரப்பர் வால்வு உள்ளே இருக்க வேண்டும், அது சரியில்லாததால்தான் காலையில் கிளப்பியதும் கடகடவென்கிறது என்று எங்களுக்குப் பாடம் நடத்தினார். கடைசியில் கனமான ஒன்றை வாங்கி வந்து, பச்சைக் குழந்தையைப் போல மடியில் வைத்துக்கொண்டே சாப்பிட்டார்.

மாட்டியதும் எங்களை ஏற்றிக்கொண்டு வெள்ளோட்டம் போனார். கடகட சத்தமே இல்லை, எனக்கும் பெருமைதான். பாலம் தாண்டி இறக்கத்தில், ஸ்டியரிங் அருகே ஆயில் குறைந்தால் எரியும் சிவப்பு விளக்கு எரிந்தது, கேட்டால், "கிழட்டு வண்டி, உன்னப் பாத்துக் கண்ணடிக்குது" என்றார். அப்போது பின்கண்ணாடி வழியே பார்த்த தங்கை, "அம்மா, ரோட்டுல நம்ம பின்னாடியே ஒரு கறுப்புக் கோடு வருது" என்றாள். ஆயில் கொட்டிக்கொண்டே வந்திருக்கிறது. அப்பா ஓரங்கட்டி நிறுத்த, பின்னால் வந்த லாரி அதில் சறுக்கி எங்களை உரசுவது போல வந்து நின்றது. லாரிக்காரர் இறங்கி, "குடும்பத்தோட சாகவா கிளம்புனீங்க" என்று கத்தினார். அப்பா மெக்கானிக்கை அழைத்தார். கழற்றிப் பார்த்தால் பழைய பில்டரின் ரப்பர் வளையம் இஞ்சினிலேயே ஒட்டிக்கொண்டிருக்கிறது, அதன்மேலேயே அப்பா புதியதை முறுக்கியிருக்கிறார், இரண்டு வளையம் சேர்ந்தால் ஆயில் பீறிட்டுவிடுமாம். புதியதை அத்தனை புரட்டிப் பார்த்தவர் பழையதைத் திருப்பிப் பார்க்கவில்லை. மெக்கானிக் சரிசெய்துவிட்டார், இஞ்சின் பிழைத்தது, ஆனாலும் கண்ணை மூடினால் அந்தக் கோடு என் பின்னாலேயே வருகிறது. நீங்கள் பஸ்ஸில் போய் அங்கிருந்து வாடகை வண்டி பிடித்து அவளை அழைத்து வாருங்கள் என்றால், "நானே கூட்டிட்டு வரேன்னு புள்ளகிட்ட சொல்லிட்டேன்" என்கிறார். நாங்கள் பார்க்காதபோது வண்டிக்கு அடியில் செய்தித்தாள் விரித்துவிட்டுக் குனிந்து குனிந்து பார்க்கிறார். அவருக்கே பயமிருப்பதைப் பார்த்த பிறகு எனக்கு இன்னும் கதிகலங்குகிறது.

அதனால் ஒன்று செய்யம்மா. சனிக்கிழமை அவர் வந்ததும் சாப்பிட உட்கார வை, அதற்குள் உன் ஊன்றுகோலால் ஒரு காகிதத்தை வண்டிக்கு அடியில் தள்ளி வை. ஒரு சொட்டு விழுந்திருந்தாலும் ஏறாதே, அவரையும் ஏறவிடாதே. ஆனால் பயம் என்று சொல்லிவிடாதே, தாங்கமாட்டார். கால் வலிக்கிறது, இன்று முடியாது என்று சொல், உன் வலி என்றால் கேட்பார். மாத்திரையை மறக்காதே, நல்லபடியாக இருவரும் வீடு வந்து சேருங்கள், அதுவே என் ஆசி.

இப்படிக்கு,
வாசலை விட்டு நகராத உன் அம்மா