யன்னல்காரருக்குக் கதவு திறக்க வேண்டாம்

இஞ்சாருங்கோ,

பழைய யன்னல்களை மாற்றும் ஒப்பந்தத்தை நிறுத்தும் கடிதத்தைப் பதிவுத் தபாலில் போட மகளோடு போகிறேன். கையெழுத்து வைத்துப் பத்து நாளுக்குள் நிறுத்தலாமாம்; அந்தத் தவணை இன்றோடு முடிகிறது. சோறும் மீன்குழம்பும் அடுப்பில் இருக்கின்றன.

அன்று யன்னல் விற்க வந்தவர் மூன்று மணித்தியாலம் கதிரையை விட்டு எழும்பவேயில்லை.

"அக்கா, இண்டைக்குக் கையெழுத்து வைச்சால்தான் இந்த விலை."

"அவரைக் கேக்கோணும்."

"ஏன், உங்கட வீட்டில உங்களுக்கு ஒரு சொல்லும் இல்லையோ?"

அந்தக் கேள்விக்குத்தான் கையெழுத்து வைத்தேன். நேற்றுச் சொன்னபோது நீங்களும், "உன்னை ஆர் வைக்கச் சொன்னது?" என்றீர்கள்.

நாலு மணிக்கு அந்த யன்னல்காரர் அளவெடுக்க வருவார். உள்ளே விட வேண்டாம். தேத்தண்ணி கொடுத்துவிட்டால் பிறகு போகச் சொல்ல வாய் வராது.

சிவநேசம்

பி.கு.: வேறு இரண்டு கொம்பனியிடம் விலை கேட்டிருக்கிறேன். எது என்று இந்த முறையும் நான்தான் சொல்வேன். முதலில் உங்கள் கட்டில் பக்கத்து யன்னல். இரவில் குளிர்காற்று வந்து நீங்கள் இருமுவது எனக்குக் கேட்கிறது.