வெள்ளிக்கிழமைச் சொட்டு மருந்து

தூத்துக்குடி
1949 மார்ச் 8

அன்பு மகன் ஜெபசீலனுக்கு அம்மா எழுதுவது. கர்த்தருடைய தயவால் தாத்தாவும் அப்பாவும் நானும் உயிரோடிருக்கிறோம், நீ பம்பாயில் உடம்புக்கு ஒன்றுமில்லாமல் இருக்க என் ஜெபம். சுகம் என்ற சொல்லை எழுத இந்தத் தடவை கை வரவில்லை. ஏன் என்பதைக் கீழே எழுதியிருக்கிறேன், ஆஸ்பத்திரி வேலை முடிந்து உட்கார்ந்து கடைசி வரிவரை வாசி. என்னுடைய முந்தின மூன்று கடிதங்களை நீ எப்படி வாசித்தாய் என்பது உன் பதிலிலேயே தெரிந்துவிட்டது.

பாதி உனக்குத் தெரிந்த விஷயம்தான், ஆனாலும் வரிசையாக எழுதினால்தான் எனக்கே தெளிவாகும். ஆகஸ்டில் தாத்தாவுக்குக் கண் சிவந்து வலி எடுத்தபோது மதுரையில் காட்டினோம், அட்ரோபின் சொட்டு மருந்து எழுதிக் கொடுத்து மூன்று வாரம் காலையும் மாலையும் விடச் சொன்னார்கள். வலி உடனே அடங்கிற்று. மூன்று வாரம் கழித்து லேசாகச் சிவந்தது, திரும்பவும் மதுரைக்கு அலைய வேண்டாம் என்று அதே சீட்டைக் காட்டி இங்கே கம்பவுண்டரிடம் வாங்கினோம், அப்படியே ஆறு மாதம் ஓடிவிட்டது. விட்டது எல்லாம் என் கை, அதை வேறு யார் மேலும் நான் போடவில்லை. அக்டோபரில் ஒரு நாள் அப்பாவைக் கூப்பிட்டுத் தாத்தா சொன்னார், "சன்னலோரம் ஏழு பேரு நிக்காங்க, முழங்கால் ஒசரம், வெள்ள உடுப்பு, தலையில ஓலத் தொப்பி, பேச்சு மூச்சு இல்ல." துறைமுகக் கொடிமரத்தில் நாற்பது வருஷம் தூரக் கண்ணாடி வைத்துக் கப்பல் கொடி பார்த்தவர், கண்டதை மட்டும் சொல்ல வேண்டும் நினைத்ததைச் சொல்லக் கூடாது என்பது அவர் உத்தியோகம். தேவதூதர் என்று அவர் வாயிலிருந்து ஒரு நாளும் வரவில்லை. அதைச் சொன்னது உன் அப்பா. ஓலைத் தொப்பியை விட்டுவிட்டு வெள்ளை உடுப்பை மட்டும் சபையில் சாட்சியாகச் சொன்னதும் அவர்தான்.

அதற்குப் பிறகு வெள்ளிக்கிழமை ஐந்து மணி ஜெபக்கூட்டம் நம் வீட்டுக்கே வந்துவிட்டது. முதலில் எட்டுப் பேர், கிறிஸ்மஸுக்குள் நாற்பது பேர். கூட்டத்தில் கண் உறுத்தக் கூடாதே என்று நாலு மணிக்கே தாத்தாவுக்கு முகம் துடைத்து நான் மருந்தைக் கொஞ்சம் தாராளமாகவே விடுவேன். ஐந்தரைக்கு அந்த ஏழு பேரும் தாத்தா கண்ணுக்கு வந்துவிடுவார்கள். ஜெப வேளையைப் பார்த்து வருகிறார்கள் பாருங்கள் என்று ஜனங்கள் அழுதார்கள். மருந்தால் தாத்தாவின் கருமணி கண் நிறைய விரிந்து பளபளக்கும், அதை மகிமை என்றார்கள், அவர் கையைத் தங்கள் பிள்ளைகள் தலையில் எடுத்து வைத்துக்கொண்டார்கள். அவருக்கு முகம் நெருப்பாய்ச் சிவந்திருந்தது, நாக்கு வறண்டு உதட்டில் ஒட்டிக்கொண்டது, சிறுநீர் பிரியாமல் கஷ்டப்பட்டார். இதையெல்லாம் நான் உனக்கு எழுதினேன்.

ஜனவரியில் கம்பவுண்டர் ஊருக்குப் போய்விட்டார், நான்கு நாள் மருந்து இல்லை. அந்த வெள்ளிக்கிழமை சன்னலோரம் யாரும் வரவில்லை என்று தாத்தா நேராகச் சொல்லிவிட்டார். கூட்டம் ஆறரை வரைக்கும் பாடிப் பார்த்தது. பிறகு கிரேசி அக்காள், நம் பாடகர் குழுவில் முன்வரிசையில் நிற்பாளே அவள்தான், இந்த வீட்டுக்குள் மறைத்து வைத்த பாவம் ஒன்று இருக்கிறது என்றாள். "காலேஜுல படிச்ச பொம்பளைக்கு உபவாசம் எறங்காதுல்லா" என்று பக்கத்திலிருந்தவளிடம் எனக்குக் கேட்கிற மாதிரியே சொன்னாள். அப்பா என் முகத்தைப் பார்க்காமல் முழங்காலில் நிற்கச் சொன்னார். நாற்பது பேர் நடுவில் எதை அறிக்கையிடுவது என்று தெரியாமல், ஓய்வுநாளில் நாவல் வாசித்தேன் என்று சொன்னேன். சனிக்கிழமை மருந்து வந்தது. அடுத்த வெள்ளிக்கிழமை அறுபது பேர் வந்தார்கள், இன்னும் ரெண்டு சொட்டு விடு கண் நன்றாகத் திறந்திருக்கட்டும் என்று அப்பா சொன்னார், விட்டேன். அன்றைக்கு ஏழு பேர் இல்லை, அறை முழுக்க நின்றார்களாம். வழி விட எழுந்த தாத்தா நாற்காலியோடு விழுந்து வலது மணிக்கட்டை ஒடித்துக்கொண்டார். கட்டுப் போடும்போதும் ஜனங்கள் அல்லேலூயா பாடிக்கொண்டிருந்தார்கள். என் பாவ அறிக்கைக்கு அது பலனாம்.

மறுநாள் காலையில் பால் ஊற்ற வந்த பேச்சி உள்ளே எட்டிப் பார்த்து, போர்வையில் எதையோ பொறுக்கிக்கொண்டிருந்த தாத்தாவைப் பார்த்ததும் செம்பைக் கீழே வைத்துவிட்டாள். "யம்மா, ஐயாவுக்கு ஊமத்தங்காய் எதுவும் குடுத்தியளா? எங்கண்ணன் மவன் தின்னுட்டு இப்பிடித்தான் முழிச்சான், இல்லாத எறும்பப் பொறுக்குனான்" என்றாள். நான் பாளையங்கோட்டையில் படித்த படிப்பும் நீ எல்.எம். அண்ட் எஸ்ஸா எம்.பி.பி.எஸ்ஸா என்று ஊரெல்லாம் விசாரிக்கிற டாக்டர் படிப்பும் அவள் செம்புக்குப் பக்கத்தில் கிடந்தன. அப்பாவிடம் சொல்லாமல் மருந்தையும் சீட்டையும் எடுத்துக்கொண்டு நாசரேத் மிஷன் ஆஸ்பத்திரிக்கு பஸ் ஏறினேன். அங்கே டாக்டரம்மா ஒரு மணி நேரம் கேள்வி கேட்டார்கள். காய்ச்சல் உண்டா, நீர்த்தாரையில் எரிச்சல் உண்டா, குடித்துக்கொண்டிருந்து நிறுத்தியவரா, பெயர்களும் நாட்களும் மறக்கிறாரா, புரை விழுந்து பார்வை போய்விட்டதா, வயசானவர்கள் இல்லாததைக் காண இதில் எதுவும் காரணமாகலாம், பார்வை மங்கினவர்களுக்குப் புத்தி தெளிவாயிருக்கும்போதே உருவங்கள் தெரிவதுண்டு என்றார்கள். பிறகு புட்டியை வாங்கிப் பார்த்தார்கள். ஊமத்தையில் இருக்கிற விஷச் சரக்குத்தான் இதிலும், கண்ணில் விட்டது மூக்கு வழியாய்த் தொண்டைக்கு இறங்கி இரத்தத்தில் சேரும், கிழ உடம்பு தாங்காது, இன்னொரு தடவை இப்படி அளவு மீறினால் இருதயம் நின்றுவிடலாம் என்றார்கள். அன்றே நிறுத்தினேன். நாலாம் நாள் தாத்தா, சன்னலில் சன்னல்தான் இருக்கிறது என்றார்.

இப்போது வெள்ளிக்கிழமை ஒருவரும் வருவதில்லை. ஒடிந்த கை எப்படி என்று கேட்கக்கூட வரவில்லை. பால்காரி பேச்சைக் கேட்டுத் தேவதூதரைத் துரத்தினவள் என்று கிரேசி அக்காள் கடைத்தெருவில் சொல்லியிருக்கிறாள். அப்பா ஒரு மாதமாய் என்னோடு பேசவில்லை. பேசாதவர் போன திங்கட்கிழமை புதுப் புட்டி வாங்கி வந்து அலமாரியில் வைத்திருக்கிறார், பெரிய வெள்ளிக்கு வெளியூர்ச் சபைகளிலிருந்து ஆட்கள் வருகிறார்களாம், முன்னமே சொல்லிவிட்டாராம். நான் சொன்னால் அது அவிசுவாசம். நீ சொன்னால் வைத்தியம். அதனால்தான் உனக்கு எழுதுகிறேன்.

உன் கடிதம் வியாழக்கிழமை வந்தது. லண்டன் மேல்படிப்புக்கு இடம் கிடைக்குமா என்று சன்னலோரம் நிற்கிறவர்களிடம் கேட்டுச் சொல்லும்படி தாத்தாவுக்கு எழுதியிருந்தாய். தாத்தா இரண்டு தடவை வாசிக்கச் சொல்லிக் கேட்டார். பிறகு, "டாக்டருக்குப் படிச்ச பய, நாக்கு வறளுதான்னு ஒரு வரி கேட்டிருக்கானா, ஞானம்?" என்றார். இல்லை மாமா என்றேன். "பின்ன மடிச்சி வையி" என்றார்.

அப்பாவுக்கு நீ ஆங்கிலத்தில், பெயருக்குக் கீழே பட்டம் போட்டு, இந்த மருந்து இனி ஒரு சொட்டும் கூடாது என்று இந்த வாரமே எழுது. பெரிய வெள்ளி ஏப்ரல் பதினைந்து, மறந்துவிடாதே. அலமாரியிலிருந்த புட்டியையும் சீட்டையும் தனிப் பார்சலில் உனக்கு அனுப்பியிருக்கிறேன், இன்னொன்று வாங்க அப்பாவுக்குக் கால்மணி நேரம் போதும் என்பதும் தெரியும். லண்டன் விஷயம் கேட்க வேண்டியவர்கள் அந்தப் புட்டிக்குள்தான் இருக்கிறார்கள், நீயே கேட்டுக்கொள். நேரத்துக்குச் சாப்பிடு, கிழவர்கள் யார் உன்னிடம் வந்தாலும் முதலில் நாக்கை நீட்டச் சொல். கர்த்தர் உன் கைகளின் வேலையை ஆசீர்வதிப்பாராக.

உன்மேல் வருத்தத்தோடும் அது குறையாத அன்போடும்,
அம்மா
ஞானதீபம் தேவதாசன்