மழையிலும் மூடாத ரேடியோ

பொகவந்தலாவை,
12.7.1979

அன்புள்ள அப்பாவுக்கு,

உங்கள் மூட்டுவலி எப்படி இருக்கிறது? வவுனியா வெயில் அதற்கு நல்லதுதான். நான் சுகமாக இருக்கிறேன்.

தோட்ட ஆபீசில் ரேடியோ டெலிபோன் பார்ப்பது நான்தான் என்று எழுதியிருந்தேனே. ஹட்டன் டவுனோடு பேச இங்கே வேறு வழியில்லை. புதன்கிழமை பெருமழையில் அதிலும் இரைச்சல்தான் கேட்டது. "மழையில இது வேல செய்யாது, மூடிட்டுப் போ" என்றார் பெரிய கிளாக்கர். அப்போது தோட்டத் தொழிலாளி அழகன் ஓடிவந்தான். லயத்து வீட்டில் அவன் மனைவி வேலாயிக்குப் பிரசவம் சிக்கலாகிவிட்டது. டிக்கோயா ஆஸ்பத்திரியிலிருந்து அம்புலன்ஸ் வரவேண்டும்.

மழை பேச்சைக் கெடுக்கவில்லை, அப்பா. வெளியே போய்ப் பார்த்தேன், காற்றுதான் கூரைமேல் ஏரியலைத் திருப்பிவிட்டிருந்தது. அழகன் மேலே ஏறி அதை ஹட்டன் பக்கம் திருப்பிப் பிடித்துக்கொண்டான். நான் ஒவ்வொரு சொல்லையும் திரும்பத் திரும்பக் கத்தினேன். ஹட்டனில் கேட்டுவிட்டது. அவர்கள் டிக்கோயாவுக்குச் சொல்ல, அம்புலன்ஸ் வந்தது. தாயும் பெண் குழந்தையும் நலம்.

சொன்னபடி மூடாததற்கு மன்னிப்புக் கேட்கச் சொன்னார் கிளாக்கர்.

"கேக்க மாட்டேங்க. அடுத்த மழையிலயும் மூட மாட்டேன்" என்றேன்.

வேலை போகவில்லை, பயப்படாதீர்கள்.

யாராவது இந்தப் பக்கம் வந்தால் தம்பியின் பழைய மழைக்கோட்டைக் கொடுத்துவிடுங்கள். அம்மாவை ஒரு வரியாவது எழுதச் சொல்லுங்கள். நாள் முழுக்க யார் யாரோ குரலைக் கேட்கிறேன், நம் வீட்டுக் குரல்தான் இல்லை.

மறுபடி மழை பிடித்துவிட்டது. கிளாக்கர் என்னையே பார்க்கிறார். நான் ரேடியோவைப் போடப் போகிறேன்.

உங்கள் மகள்,
பெற்றீசியா