நான் வீசின துண்டு

நாகலூர்
ஞாயித்துக்கிழமை

கண்ணு,

நீ போனை எடுக்கமாட்டேங்கற. அதான் எழுதறேன்.

சேலத்துல அன்னைக்கு கிக் பாக்சிங் போட்டியில உனக்குத்தான் பாயிண்ட் அதிகம். உன்ற மூலையில உட்கார்ந்திருந்த நான்தான் துண்டை உள்ள வீசிக் கெடுத்தேன். நம்ம பக்கம் தோல்வியை ஒத்துக்கிட்டோம்னு நடுவர் ஆட்டத்தை நிறுத்திட்டாரு. சந்தோசத்துல வீசிட்டேன், ரூல்ஸ் தெரியாதுங்கன்னு எல்லார்கிட்டயும் சொன்னேன்.

பொய் சாமி. "புள்ளைக்கு அடி தாங்கலைன்னா துண்டை வீசுங்க, நிறுத்திருவாங்க"ன்னு உனக்குப் பழக்கிவிடற மாஸ்டர் காலையிலயே சொல்லித்தான் தண்ணி பாட்டிலைக் கையில கொடுத்து என்னைய உட்கார வெச்சாரு.

அப்ப அவரு இன்னொண்ணும் கேட்டாரு. "மத்த புள்ளைங்களுக்குக் கையைத் தூக்கி மூஞ்சியைக் காப்பாத்திக்கப் பழக்கறதுக்கே மாசக்கணக்கா ஆகுதுங்க. உங்க புள்ளை மொத நாளே சரியாத் தூக்குச்சு. ஊட்ல யாருங்க சொல்லிக்கொடுத்தது?"

நான் சிரிச்சு வெச்சேன்.

ரெண்டாவது ரவுண்டுல எதிர்ல நின்ன புள்ளை காலை ஓங்குச்சு. நீ தலையைக் குனிஞ்சு, இடது தோளை ஒசத்தி, ரெண்டு கையாலயும் மூஞ்சியை மறைச்ச. காப்பிப்பழ சீசன்ல நான் குடிச்சுட்டு வர்ற சாயந்திரமெல்லாம் அடுப்புக்குப் பக்கத்துல நீ அப்படியேதான் நிப்ப. என்னால பாக்க முடியல. கை தானா துண்டை எடுத்துருச்சு.

உனக்கு அடி ஒண்ணும் படலைன்னு அப்பறந்தான் தெரிஞ்சுது.

நாளைக்கு மொத பஸ்ஸுக்கு மலை இறங்கறேன். உன்னைய வந்து தொந்தரவு பண்ணமாட்டேன். மாஸ்டர் கேட்டதுக்கு நான் இன்னும் பதில் சொல்லல.

உன்ற அப்பன்