செத்தவீட்டுக் கமரா கலியாணத்துக்குப் போகிறது

என் ஆசை மச்சான் அன்ரனுக்கு,

முதலில் செய்தியைக் கேள். பாபகூராவில் ஒரு கலியாணம் படம் எடுக்க எங்களுக்கு வந்திருக்கிறது! மூன்று நாள் வேலை. விலையைக் குறைக்கச் சொல்லி ஒரு வார்த்தை இல்லை. எப்படி வந்தது தெரியுமா? நான் வேண்டாம் வேண்டாம் என்று உன்னோடு சண்டை பிடித்த அந்தச் செத்தவீட்டு வேலையால்.

எங்கள் பிளாக்ஹவுஸ் பே படக்கடையின் பின்னறையில் நான் கத்தியது நினைவிருக்கிறதா? "செத்தவீட்டுக்குப் போன கமராவோட கலியாணத்துக்கு வந்தா ஆரடா எங்களைக் கூப்பிடுவினம்?"

நீ சிரித்தாய். "அப்ப எனக்கு வேற கமரா வாங்கித் தா."

வாங்கித் தந்தேன், பழையது ஒன்று. அதன் பையில் கறுப்பு நாடா கட்டித் தனி அலுமாரியில் வைத்தேன். சவப்பெட்டியைச் சுற்றிக் குடும்பம் நிற்கும் படம் ஊருக்கு அனுப்ப எங்கள் சனத்துக்கு வேண்டும். தெரிந்தும், அந்த வேலையை எங்கள் இணையப் பக்கத்தில் போட நான் விடவில்லை.

நல்ல வாடிக்கையாளர் என்றால் பெரிய மண்டபம், பெரிய கேக் என்று நினைத்தேன். விளம்பரத்துக்குக் கொட்டினேன். வந்தார்கள், பேரம் பேசினார்கள், ஆல்பத்தோடு போனார்கள். ஒருவராவது திரும்பி வந்தாரா?

போன கிழமை ரெஜினா என்று ஒரு அக்கா போன் எடுத்தா. "தம்பி, எங்கட அப்பான்ர செத்தவீட்டுக்குப் படம் எடுத்த ஆக்கள்தானே?"

பழைய பயத்தில் "இல்லை" என்று வாய்வரை வந்துவிட்டது. "ஓம் அக்கா" என்றேன்.

"அந்தத் தம்பி நாங்கள் அழுது முடியுமட்டும் கமராவைத் தூக்கேல்லை. ஒவ்வொரு வருசமும் அப்பான்ர நினைவுப் பூசைக்கு மெசேஜ் போடுவார். இந்த முறை வரேல்லை. மகளுக்குக் கலியாணம், அவர்தான் வரோணும்."

அந்த மெசேஜ் சங்கதியை எனக்கு ஏன் சொல்லவில்லை, மச்சான்?

நீ போய்விட்டாய் என்று சொன்னேன். வேலையும் போச்சு என்றே நினைத்தேன்.  அக்கா கேட்டா, "அவற்ற செத்தவீட்டுக்கு ஆர் படம் எடுத்தது?"

ஆர் எடுத்தது? அன்றைக்கு உன் மனிசி, என் தங்கச்சி மெர்சி, கறுப்பு நாடாப் பையைக் கொண்டுவந்து என் கையில் திணித்தாள். "எல்லாற்ற செத்தவீட்டுக்கும் போன மனுசன். அவருக்கு வெளியாள் வரோணுமே, அண்ணா?" அவள் அழுது முடியும்வரை காத்திருந்தேன். எனக்குத்தான் அழுகை முடியவில்லை, முதல் இரண்டு படமும் கலங்கல்.

"நான்தான் அக்கா" என்றேன்.

"அப்ப நீங்களே வாங்கோ."

போனை வைத்தவுடன் உன் டயறியைத் தேடி எடுத்தேன். நீ அதில் செத்தவீட்டுத் தேதியோடு குறித்து வைத்திருந்த குடும்பங்களுக்கு நானும் மெசேஜ் போடுகிறேன். வியாபாரக் கண்ணோடுதான் தொடங்கினேன், உன்னிடம் என்ன ஒளிப்பு? ஆனால் பதில்களில் பாதி உன்னைப் பற்றித்தான். எல்லர்ஸ்லியில் ஒரு பிள்ளையின் முதல் நன்மைச் சடங்குக்குப் படம் எடுக்கிற வேலையும் கிடைத்துவிட்டது!

அந்தச் செத்தவீட்டுக் கமராவையே கலியாணத்துக்குக் கொண்டு வரட்டுமா என்று ரெஜினா அக்காவிடம் ஒளிக்காமல் கேட்டேன். "அப்பாவைக் கடைசியாப் பாத்த கமரா. கட்டாயம் கொண்டு வாங்கோ" என்றா. நாடாவை அவிழ்த்துவிட்டேன்.

அழுகிறவர்கள் முன்னால் அவசரப்பட்டுக் கமராவைத் தூக்க மாட்டேன், இது வாக்கு. தாலி கட்டுகிற நேரம் மட்டும் மன்னித்துக்கொள். அக்கா அழுதாலும் கமராவைத் தூக்கத்தான் வேண்டும், அந்தப் படத்தை விட்டால் தொழில் போய்விடும்.

சண்டை பிடிக்க ஆளில்லாத
உன் மச்சான்,
யூட்