ஓநாய்க்குப் பின்னால் மகள்

யூலை 24, வியாழன்
நெல்லியடி. சோளகக் காற்று, முற்றம் முழுக்கப் புழுதி. சைக்கிளுக்கு ரியூப் மாற்ற வேண்டும். மகள் ஆரணியிடமிருந்து நேற்றும் செய்தி இல்லை, இன்றும் இல்லை. கனடாவின் வடகோடியில், மரமே இல்லாத வெளியில், ஓநாய் ஆய்வுக் குழுவோடு கூடாரத்தில் இருக்கிறாள். தொலைபேசி எடுபடாத இடம்; செய்மதிக் கருவியில் நாளுக்கு ஒரு வரி அனுப்புவதாகப் பேச்சு.

மனைவி: “கடிச்சிருக்குமோ?”

“மனுசரைக் கண்டால் விலகிப் போற சாதியாம்.”

ஆதாரம் ஒன்றே. மகள்.

யூலை 25, வெள்ளி
பழைய செய்திகளைத் திரும்ப வாசித்தேன். வெளிறிய நிற ஓநாய்கள். ஆண்டு முழுக்கப் பனிமான் கூட்டத்தின் பின்னால் அலைபவை. குட்டி போட்ட கோடையில் மட்டும் மணல்மேட்டு வளையை விட்டு நகர முடியாது. மான்களோ தூரம் போய்விடும். பெரியவை நாள்கணக்காக ஓடி வேட்டையாடி, இறைச்சியை வயிற்றில் கொண்டுவந்து குட்டிகளுக்குக் கக்கிக் கொடுக்கும்.

மனைவிக்கு வாசித்துக் காட்டினேன். “பாவம், அதுகளும் வெளியிலை போய் உழைச்செல்லோ குடுக்குதுகள்.”

செய்தி இல்லை.

யூலை 26, சனி
காலையில் படலையடியில் மனைவியின் தமையன். சண்டிலிப்பாயிலிருந்து பஸ்ஸில். சொல்லாமல்.

வெளிநாட்டில் நடந்த சாவை இங்கே பெற்றோருக்குத் தொலைபேசியில் சொல்வதில்லை. உறவு ஒருவருக்கு முதலில் அறிவித்து, அவரை நேரில் அனுப்புவார்கள். நிருபராகச் செய்திக்குப் போன வீடுகளில் பலமுறை கேட்டது.

தண்ணீர் கேட்டார். குடித்தார். முகத்தைத் துடைத்தார். மனைவி குசினி வாசல் நிலையைப் பிடித்தபடி. எனக்குக் கேள்வி வரவில்லை. கேள்வி கேட்டே சீவித்தவன்.

“ஏன் ரெண்டு பேரும் என்னை உப்பிடிப் பாக்கிறியள்?”

மனைவிதான் கேட்டாள். “ஆரணிக்கு என்ன, அண்ணை? ஒளிக்காமச் சொல்லுங்கோ.”

“அவளுக்கென்ன? கத்தரிக்காய் காய்ச்சுக் கொட்டுது, கொண்டந்தனான். ஃபோன் கிணத்துக்கை விழுந்திட்டுது, பிள்ளை. அதான் சொல்லேல்லை.”

பையைப் பறித்துக்கொண்டு உள்ளே போனாள். திட்டும் சத்தம். பிறகு அழுகை.

செய்தி வராத விசயத்தை அவருக்குச் சொன்னேன். கடைசி பஸ்ஸுக்கும் அவர் எழும்பவில்லை. “செய்தி வரட்டும், மச்சான். நான் நிக்கிறன்.”

யூலை 27, ஞாயிறு
கத்தரிக்காய்ப் பால்கறி. ஒருவரும் சரியாகச் சாப்பிடவில்லை. பின்னேரம் வந்தது:

“ஓநாயள் குட்டியளோடை வளையை விட்டு வெளிக்கிட்டிட்டுதுகள். பின்னாலை நடந்தம். கருவி நனைஞ்சு பழுது, இப்பதான் சரி. நான் சுகம். நாளைக்கு இன்னும் வடக்கை.”

மைத்துனர் செருப்பைத் தேடினார். மனைவி கடைசி வரியைத் திரும்பவும் வாசித்தாள்.

“அதுக்கு மேலையும் வடக்கு இருக்கோ?”

“ஓம்.”