பங்குனி ஒன்று வரை லீவு

தை 5, திங்கள்

கடும் பனி. எட்டு மணிக்கும் எதிர்ச்சாரி தெரியவில்லை. பாப்பாவுக்கு இன்று பதினாறாம் நாள். தையல் போட்ட இடம் இன்னும் சுருக் சுருக்.

காலை: பூண்டுக் குழம்பு, சுறாப்புட்டு. பகல்: பூண்டுக் குழம்பு. இரவு: கேட்கவே வேண்டாம்.

எதிரே மருந்துக்கடையில்தான் தெருவுக்கே போன். கடைக்கார அக்கா இன்று மூன்று முறை வந்து கூப்பிட்டார். மூன்றும் திருவாரூர் ஆபீசிலிருந்து. வக்கீல் சார். (இந்த நோட்டில் வ. போதும். முழுப் பட்டம் கொடுக்க மனசு வரவில்லை.)

"ஒரே நிமிஷம்தாம்மா கமலா. அந்தக் கோயில் நெலத்துக் கேஸ் கட்டு எங்க?"

சொன்னேன். திரும்பி வந்து உட்காருவதற்குள் அடுத்தது. மூன்றாவது முறை ரோட்டைக் கடக்கையில் லாரி ஒன்று பனிக்குள்ளிருந்து ஹாரன் அடித்துக்கொண்டு வந்தது. உயிர் போய்த் திரும்பியது. வீட்டில் பாப்பா அழுது அழுது ஊதாவாகிக் கிடந்தாள்.

மூன்று மாத லீவுக் கடிதம், நானே டைப் அடித்தது. மார்கழி 1 முதல் பங்குனி 1 வரை. "இக்காலத்தில் அலுவல் நிமித்தம் என்னைத் தொடர்பு கொள்ள வேண்டாமெனக் கேட்டுக்கொள்கிறேன்." வ. இரண்டு முறை படித்துவிட்டுத்தான் கையெழுத்துப் போட்டார். "சே சே, பச்ச ஒடம்புக்காரியைத் தொந்தரவு பண்ணுவனா?"

பண்ணுவார்.

தை 6, செவ்வாய்

பனி குறைவு. துணி காய்ந்தது.

மருந்துக்கடை அக்காவிடம் போய்ச் சொன்னேன்: இனிமேல் போன் வந்தால் நான் தூங்குகிறேன் என்று சொல்லுங்கள்.

"எனக்குப் பொய் வராது கமலா. 'வர மாட்டேங்குறா'ன்னு சொல்லட்டுமா?"

"சொல்லுங்கக்கா."

சாயங்காலம் அக்கா சிரித்துக்கொண்டே வந்தார். வ. ஐந்து முறை அடித்தாராம். ஐந்து முறையும் அதே பதில். கடைசியில், "நான் யாருன்னு தெரியுமா?" என்றாராம். "தெரியும் சார், அதனாலதான் வர மாட்டேங்குறா" என்றாராம் அக்கா.

இரண்டு நாளாக மனசுக்குள் இருந்த புழுக்கம் கொஞ்சம் இறங்கியது. நன்றாகத் தேடட்டும். ஏழு வருடம் அந்தப் பீரோவை நான் அடுக்கினேன். எப்படி அடுக்குகிறேன் என்று ஒரு நாளும் கேட்டதில்லை. நானாகச் சொல்ல வந்தபோது, "உன் வசதிக்கு வெச்சுக்கம்மா, எனக்கு கேட்டா கெடைச்சாப் போதும்."

இப்போது கேட்கிறார். கிடைக்கவில்லை.

என் முறை ஒன்றும் மந்திரமில்லை. எங்கள் ஆபீசில் எல்லாம் நிலத்து வழக்கு. பட்டா அப்பன் பெயரிலிருந்து மகன் பெயருக்குப் போகும், மகனிடமிருந்து மச்சான் பெயருக்கு. சர்வே எண் உடையும். கட்சிக்காரர் பெயரில் அடுக்கினால் நாலு வருடத்தில் குழப்பம். நிலத்துக்குத் தண்ணீர் வரும் வாய்க்கால் மட்டும் மாறாது. அதனால் ஒவ்வொரு வாய்க்காலுக்கும் ஒரு வரிசை. தலைமடை நிலமென்றால் மேல் தட்டு. கடைமடை கீழ்த் தட்டு.

தை 8, வியாழன்

பேனா முள் தாளைக் கிழிக்கிறது. கோபத்தில்.

பதினொரு மணிக்குத் தந்திக்காரர் சைக்கிளை வாசலில் நிறுத்தினார். அம்மா பார்த்தாள். கையிலிருந்த சுளகு கீழே விழுந்தது. வீட்டுக்காரர் சிங்கப்பூரில் கட்டட வேலையில், சாரத்தின் மேல். இந்த வீட்டுக்குத் தந்தி என்றால் வேறென்ன நினைப்பது? அம்மா மார்பில் அடித்துக்கொண்டு, "ஐயோ, எம் மாப்புள்ள" என்று தெருவில் உட்கார்ந்துவிட்டாள். தெருவே கூடிவிட்டது. யாரோ என் தலையைத் தங்கள் தோளில் சாய்த்துக்கொண்டார்கள். எனக்குக் காது அடைத்துவிட்டது.

தந்திக்காரர்தான் பிரித்துப் படித்தார். இங்கிலீஷில் நாலைந்து வார்த்தை. கட்டு எங்கே, உடனே தெரிவி. எந்தக் கட்டு என்றுகூட இல்லை. கீழே வ. பெயர்.

கூட்டத்தில் ஒருவர் சிரித்தார். அம்மா சிரிக்கவில்லை. "எந்தக் கட்டுடி? இவனைப் பாடையில கட்டுறதுக்கா?"

மத்தியானம் முழுக்கப் பால் இறங்கவில்லை. பாப்பா கடித்து இழுத்து அலறினாள். சர்க்கரைத் தண்ணீரைப் பஞ்சில் நனைத்து வைத்தோம். இதை நான் மன்னிக்க மாட்டேன். மன்னிக்காமல் இருப்பது எனக்குக் கஷ்டமாகவும் இல்லை.

தை 9, வெள்ளி

பால் வந்தது. சாமி, தெய்வமே.

செய்ய நினைத்தவை:
1. வ. வீட்டுக்கு ஒரு தந்தி. வெற்றுத்தாள்.
2. பாப்பாவின் ஈரத்துணி பத்தைக் கட்டிப் பார்சலில்.
3. டைப்ரைட்டர் ரிப்பனை ஒளித்து வைத்திருக்கலாம். தோன்றாமல் போயிற்று.
4. எதிர்த்தரப்பு வக்கீலிடம் வேலைக்குச் சேர்வது. (பங்குனிக்குப் பிறகு யோசிக்க.)

செய்தது: போஸ்ட் கார்டு. வேண்டுமென்றே கார்டு. கவர் என்றால் அவர் மட்டும் படிப்பார். கார்டு என்றால் போஸ்ட்மேன், கீழே டீக்கடை, மாடியில் மற்ற வக்கீல்கள், எல்லாரும் படித்த பிறகுதான் அவர் கைக்கு வரும். லீவுக் கடிதத்தின் வாசகம் முழுதும், "தங்கள் கையொப்பம் பெற்றது" என்பதோடு, முத்து முத்தாக எழுதினேன். அடியில்: "பிரசவ வீட்டுக்குத் தந்தி அனுப்பியதில் என் தாயார் மயங்கி விழுந்தார்."

மயங்கவில்லை. இருக்கட்டும்.

தை 12, திங்கள்

வெயில். அறுப்பு இறங்கிவிட்டது. கருக்கரிவாளும் கையுமாகத் தெருவில் ஆட்கள்.

மாரியம்மாள் அக்கா வந்தார். எங்கள் கட்சிக்காரர். நாலு மா நிலம் குத்தகை, செட்டி வாய்க்காலில். மாமனார் காலத்திலிருந்து இவர்கள் சாகுபடி. நிலக்காரர், பழைய மிராசு, இப்போது அரசியல் கரைவேட்டி, "அவ குத்தகைக்காரியே இல்ல, கூலிக்காரி" என்று வழக்குப் போட்டிருக்கிறார். அக்கா வாசலுக்கு வெளியிலேயே நின்றார். உள்ளே கூப்பிட்டும் வரவில்லை.

"பொம்பளப்புள்ளயாமே. நல்லா இருக்கட்டும். எங்கட்டை எங்கம்மா வெச்சிருக்க?"

"எங்கிட்டயா?"

"வக்கீலய்யா சொன்னாரு. 'கமலா வீட்டுக்குத் தூக்கிட்டுப் போயிட்டா, கேட்டா தரமாட்டேங்குறா'ன்னாரு. நாளன்னைக்குக் கேசு. கதிரு நிக்கிது, சாஞ்சி நிக்கிது. குத்தகைப் பதிவு நகலைக் காட்டலேன்னா அவன் ஆளு எறக்கி அறுத்துருவான். நீயுமாம்மா?"

புதன்கிழமை வாய்தா இவருடையது என்பதே எனக்கு மறந்துபோயிருந்தது. வ. தேடித் தவிக்கட்டும் என்று ஆறு நாளாக நான் ருசித்துக்கொண்டிருந்தேனே, தவித்தது இவர். வெட்கமாக இருந்தது. அடுத்த நிமிடமே அந்த வெட்கமும் கோபமாகிவிட்டது. என்மேல் பழி போடுகிறானா! (ஆமாம், 'ன்'தான்.)

போன் செய்து சொல்லலாம். ஒரே நிமிடம். செய்தால் நாளையிலிருந்து மறுபடி எட்டு முறை.

"அக்கா, உங்க நெலம் செட்டி வாய்க்கால்ல எந்த எடம்?"

"கடைமடைதான். எல்லாரும் குடிச்ச மிச்சம்தான் எங்களுக்கு."

"அப்ப கீழ்த் தட்டு. எந்தப் பக்கம் கன்னி வாய்க்கால் பிரியுது?"

"எடது கை."

"பீரோவுலயும் எடது கை. வரிசைக்கு வரிசை வாய்க்கால் பேரு சாக்பீஸ்ல எழுதியிருக்கேன். படிக்கத் தெரிஞ்ச யாரையாவது கூட்டிக்கங்க. அவரைக் கேக்காதீங்க, நேரா பீரோவுக்குப் போங்க." பிறகு நிறுத்த முடியாமல்: "பத்தரை மணிக்குப் போங்க. அப்பதான் ரூம் நெறைய ஆளு இருக்கும்."

மாரியம்மாள் அக்கா என்னை ஒரு பார்வை பார்த்தார். பிறகு மெதுவாகச் சிரித்தார்.

தை 13, செவ்வாய்

பாப்பா முதல் முறையாக நாலு மணி நேரம் தூங்கினாள். நான் தூங்கவில்லை. பத்தரை, பதினொன்று என்று கடிகாரத்தையே பார்த்துக்கொண்டு.

செய்தி இல்லை. போனும் இல்லை.

தை 15, வியாழன்

காலையில் மாரியம்மாள் அக்கா வந்தார். இன்று உள்ளே வந்து உட்கார்ந்தார். பாப்பாவை மடியில் வாங்கிக்கொண்டு சொன்னார்.

அறுப்பு ஆட்களில் ஐந்து பெண்களோடு போயிருக்கிறார். ஒருத்தி எட்டாவது படித்தவள். ஆபீசில் வேறு வழக்குக்கு வந்த கரைவேட்டி நாலு பேர், ஜூனியர்கள், எல்லாரும். வ., "ஏய், பீரோவைத் தொடாத" என்று எழுந்தாராம். அதற்குள் கட்டு கையில்.

"'எப்படி எடுத்த?'ன்னாரு. 'எந்தண்ணி எங்க வருதுன்னு எனக்குத் தெரியாதா அய்யா? ஆறு வருசமா எங்கேசை நடத்துறீங்க, ஒங்களுக்குத் தெரியாதா?'ன்னேன். கரைவேட்டிக்காரனே சிரிச்சிட்டான்மா."

நேற்று கோர்ட்டில் நகலைக் காட்டியாயிற்று. தீர்ப்பு வரும்வரை நிலத்தில் நிலக்காரர் தலையிடக் கூடாதென்று உத்தரவு. நாளை அறுப்பு.

அவரை இன்னொரு முறை சொல்லச் சொன்னேன். "கரைவேட்டிக்காரனே சிரிச்சிட்டான்" வரை. இனிக்கிறது. மறைக்க என்ன இருக்கிறது.

நாலு மணிக்கு வ. கார். ஆப்பிள், பேபி சோப்பு டப்பா. அம்மா உள்ளே விடவில்லை. "பால் குடுத்துட்டு இருக்கா" என்று நிலைப்படியில் நின்றுகொண்டாள். பாப்பா குடித்து முடித்து ஏப்பம் விட்டு அரை மணி நேரம் ஆன பிறகும் நான் எழவில்லை. ஜன்னல் வழியாக அவர் வழுக்கையில் வெயில் ஏறுவதைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

பிறகு போனேன்.

"கமலா, நடந்தது நடந்துபோச்சு. எந்த நெலம் எந்த வாய்க்கால்னு ஒரு லிஸ்ட் மட்டும் போட்டுக் குடுத்துடும்மா. நூத்துப் பத்து கட்டு கெடக்கு."

"தர்றேன் சார். பங்குனி ஒன்னு."

"அது வரைக்கும் நான் என்ன பண்றது?"

"கட்சிக்காரங்களைக் கேளுங்க சார். ஒவ்வொருத்தரா நிக்க வெச்சி, 'ஒங்களுக்குத் தண்ணி எங்கேர்ந்து வருது'ன்னு கேளுங்க. சொல்லுவாங்க."